செயலாளருக்குப் பிடிக்காத மூன்று கூட்டங்கள்

யாரிடம் என்ன குறை என்று கேட்டால் செயலாளர் விரல் விட்டு எண்ணிச் சொல்லுவார். பிழைப்பே அதுதான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. தைத்து வந்த சட்டையை விளக்கடியில் விரித்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். இருபத்திரண்டு வருடம் ஒட்டிப் பழகிய கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்குமா? நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடியின் சங்கத்துக்கும் அவரே செயலாளர். அவர் தினமும் குடிப்பார், விடிந்ததும் குடிப்பார். ஏலக்காயை மென்றுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று நினைப்பு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மனைவி மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. போகும்போது கத்தவில்லை, அழவில்லை.

"இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் மட்டும் பண்ணாதீங்க, கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு. குடியை விடுறவங்க கூட்டம் நடத்துறாங்களாம், அங்க போங்க. நாலு பேர் முன்னாடி 'நான் குடிகாரன்'னு உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டு போன் பண்ணுங்க, அன்னிக்கே வர்றேன்."

அப்படி ஒரு கூட்டம் இரண்டு தெரு தள்ளியே நடந்தது, சனிக்கிழமை சாயங்காலம், ஒரு ட்யூஷன் சென்டரில். ஆனால் அங்கே பிளம்பர் போகிறான். முன்பு நாற்பத்தெட்டு வீட்டுக்கும் குழாய் வேலை பார்த்தவன். வாய் நாற நாற வேலைக்கு வருகிறான் என்று மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, மூன்று வருடத்துக்கு முன் அவனை விரட்டியவர் செயலாளர்தான். அந்தக் குடிகாரப் பயல் பக்கத்தில் இவர் போய் உட்காருவாரா?

எனவே இரண்டு பஸ் மாறி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நடந்த கூட்டத்துக்குப் போனார். அங்கே ஒரு தையல்காரர் தேம்பித் தேம்பி அழுதார். அழுதால் குடி போய்விடுமா என்று செயலாளருக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆள் போட்டிருந்த சட்டையின் காலர் கோணலாக இருந்ததையும் கவனித்துக்கொண்டு, டீ இடைவேளையில் நழுவினார். அடுத்த வாரம் வேறொரு கூட்டம். அங்கே சாக்கடையில் விழுந்து கிடந்த கதையை ஒருவர் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள் என்று எழுந்து வந்தார். இரண்டு நாளும் நேராகக் கடைக்குத்தான் போனார். அடுத்தவனை இகழ்ந்தால் இவருக்குத் தாகம் கூடுதலாக எடுக்கும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மகள் பேசினாள்.

"அப்பா, அம்மா இங்க ஒரு ஸ்கூல்ல வேலை கேட்டிருக்காங்க. திங்கட்கிழமை சேர்றாங்க. சேர்ந்துட்டா அங்க வர மாட்டாங்களாம்."

திங்கட்கிழமைக்கு முன் மிச்சமிருந்தது ட்யூஷன் சென்டர் கூட்டம் ஒன்றுதான். செயலாளர் போனார். பிளம்பர்தான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். "வாங்க சார்" என்றான், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சுகளில் ஏழு பெரிய மனிதர்கள் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார்கள். பார்க்கவே கேவலமாக இருக்கிறது என்று நினைத்தபடி செயலாளர் வாசலை ஒட்டி இடம் பிடித்தார். ஒவ்வொருவராகப் பேச வேண்டும், நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. முதலில் பிளம்பர் பேசினான்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை விட்டேன். நாப்பத்தோரு நாள் தொடல. அப்ப ஒரு வீட்ல ஃப்ளஷ் டேங்க் ஒழுகுதுன்னு கூப்பிட்டாங்க. மூடியைத் திறந்தா உள்ள அரை பாட்டில், தண்ணியில மிதக்குது. எடுக்கலாம்னு கை போச்சு, இழுத்துக்கிட்டேன். வால்வை மட்டும் மாத்திட்டு மூடிட்டு வந்தேன். அந்த வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அடுத்த வாரம் நான் குடிச்சிட்டு வேலைக்கு வர்றேன்னு மனு. நாப்பத்தேழு கையெழுத்து. குடிக்காட்டியும் குடிகாரன்தானேன்னு அன்னிக்குப் போய்க் குடிச்சேன். மறுபடி விட ஒன்றரை வருஷம் ஆச்சு. அதுக்குள்ள என் சம்சாரம் போய்ட்டா."

யார் வீடு என்று அவன் சொல்லவில்லை. செயலாளர் பக்கம் திரும்பவும் இல்லை. பழக்கதோஷம், செயலாளர் அந்தப் பேச்சில் எங்கே பிழை என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சாயங்காலம், தன் வீட்டு டேங்க் மூடி திருப்பி வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்ததுமே பிளம்பர் பாட்டிலைக் கண்டுவிட்டான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இவன் வாயைத் திறப்பதற்குள் இவனை விரட்ட வேண்டும் என்றுதான் மனு எழுதினார். பிளம்பரின் வாய் அன்று நாறவில்லை. அது அவருக்கு அன்றே தெரியும்.

"அடுத்து நீங்க" என்றார் பக்கத்தில் சீருடையோடு உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ்.

செயலாளர் எழுந்தார். இரண்டே வார்த்தை சொன்னால் போதும், மனைவி திரும்பி வந்துவிடுவாள். வாயில் வேறு வந்தது.

"அந்த டேங்க் என் வீட்டுது. அன்னிக்கு இவர் குடிக்கல. நான்தான் குடிச்சிருந்தேன்."

பிளம்பர் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"அது எனக்குத் தெரியும் சார். இங்க அவங்கவங்க கதையைத்தான் சொல்லணும். உங்களுதைச் சொல்லுங்க."

"நான் குடிகாரன்" என்றார் செயலாளர்.

பிளம்பர் தலையை ஆட்டிவிட்டு, நர்ஸ் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்கம்மா."