கழற்றி மாட்டும் பெஞ்சு

தச்சு வேலைக்கு இனி ஆள் வேண்டாம் என்று தேயிலை ஃபேக்டரியிலிருந்து அப்பாவை நிறுத்திய வருடம் எனக்குப் பதினொரு வயது. இடுக்கி மலையில், எஸ்டேட் லயத்தில், அந்த நீள வரிசை வீடுகளில், கடைசி வீடு எங்களுடையது. எங்களுடையது என்று பழக்கத்தில் சொல்கிறேன். அம்மா கொழுந்து எடுக்கும் நிரந்தரத் தொழிலாளி என்பதால் எஸ்டேட் அவள் பெயரில் கொடுத்திருந்த வீடு அது. வேலை போன அப்பா ஒரு மாதம் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள், வீட்டிலேயே பெஞ்சு போட்டுத் தச்சு வேலை செய்யப்போவதாகச் சொன்னார்.

உட்காருகிற பெஞ்சு என்று நினைத்தேன். அவர் சொன்னது மரத்தை வைத்து அறுக்கவும் இழைக்கவும் ஆன பெஞ்சு. இடுப்பு உயரம், ஆறடி நீளம். அதற்கு மரம் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என்னை மர மில்லுக்குக் கூட்டிப்போனார். நாலு ஞாயிறு போனோம். எஸ்டேட் முழுக்க நிற்கிற சில்வர் ஓக் எளிதாகக் கிடைக்கும். ஆனால் கனம் போதாது, இழைப்புளியைத் தள்ளினால் பெஞ்சும் கூடவே நடக்கும் என்றார். கிராண்டிஸ் என்கிற தைல மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும். கடைசியில், காற்றில் விழுந்த ஒரு பலா மரத்தின் பலகைகள் கிடைத்தன. இரண்டு வருடம் கூரைக்கடியில் காய்ந்தவை. அப்பா விரல் மூட்டால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

காலில் துளை வெட்டி, குறுக்குக் கட்டையின் முனையை நாக்குப்போல் செதுக்கி உள்ளே இறக்கி, ஆப்பு அடித்து இறுக்கிவிடுவது அவருடைய திட்டம். அடித்த பிறகு பிரிக்க முடியாது. பேரப்பிள்ளை காலத்திலும் ஆடாது என்றார்.

அந்த வாரம் அம்மா சித்தியோடு கோட்டயத்துக்குத் தியானத்துக்குப் போய்வந்தாள். திரும்பி வந்தவள் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள். எட்டு நீள போல்ட்டு, நட்டு, ஒரு ஸ்பேனர்.

“ஆப்பு வேண்டாங்க. இதப் போடுங்க. கழட்டுற மாதிரி இருக்கட்டும்.”

“கழட்டி எங்க கொண்டு போகப் போறோம்?” என்றார் அப்பா.

அவள் ஸ்பேனரை அவர் பக்கம் நகர்த்தினாள். போல்ட்டு போட்ட பெஞ்சு ஆடும், தச்சன் வீட்டுப் பெஞ்சைப் பார்த்து லயமே சிரிக்கும் என்று அப்பா அடித்துச் சொன்னார். அவள் குரலை உயர்த்தாமல் “எனக்காகச் செய்யுங்க” என்றாள்.

அதுவரை அவள் தனக்காக எதையும் கேட்டதில்லை. அப்பா போல்ட்டுக்குத் துளை போட ஆரம்பித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. “அப்பா வேலை மேல உனக்கு நம்பிக்கையே இல்ல” என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். இருமல் வந்து, அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேல்பலகையைக்கூட இரண்டு பாதியாகச் செய்யவைத்தாள். பெஞ்சு நின்றதும் என்னைக் கூப்பிட்டு ஸ்பேனரைக் கையில் கொடுத்து, கழற்றச் சொன்னாள். எந்தக் கால் எந்த மூலை என்று சாக்பீஸால் எழுதவைத்தாள். மாட்டியதும் மறுபடி கழற்றச் சொன்னாள். விளையாடப் போகவிடாமல் வதைக்கிறாளே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திருகினேன்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவளால் மலை ஏறிக் கொழுந்து எடுக்க முடியவில்லை. ஈஸ்டருக்கு அவள் இல்லை.

எஸ்டேட் ஆபீசில் தன்மையாகத்தான் சொன்னார்கள். கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் அடைக்கும்வரை இருக்கலாம், பிறகு வீட்டை அடுத்த தொழிலாளிக்குக் கொடுக்கவேண்டும். போடியில் இருந்த சித்தி, தன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னாள். ஜீப் வந்து நின்ற காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாத்திரங்களையும் கட்டிலையும் ஏற்றினார்கள். அப்பா பெஞ்சின் பக்கமே வரவில்லை. பேசாமல் விட்டுட்டுப் போங்க என்று யாரோ சொன்னார்கள். நான் ஸ்பேனரை எடுத்துவந்து எட்டு போல்ட்டையும் கழற்றினேன். எல்லாம் ஜீப்பின் கூரைமேல் வைத்துக் கட்டும் அளவுக்கு அடங்கிவிட்டது.

கோட்டயத்தில் அம்மா போனது தியானத்துக்கு அல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று சித்தி எனக்குச் சொன்னபோது நான் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். டாக்டர் சொன்னதைக் கேட்டு வெளியே வந்தவள், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இரும்புக் கடைக்குள் நுழைந்தாளாம். அழுவாள் என்று எதிர்பார்த்த சித்தி, பெஞ்சுக்காலுக்கு எவ்வளவு நீள போல்ட்டு வேண்டும் என்று அவள் கடைக்காரரிடம் விசாரித்ததைப் பார்த்து மலைத்து நின்றிருக்கிறாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாத காலம் அது; போடிக்கு வந்த மறுநாள், சித்தி வீட்டுப் பின்கட்டில் பெஞ்சைப் பூட்டினேன். அப்பா கடைசி நட்டை மட்டும் இறுக்கினார். பிறகு இரண்டு கையையும் ஊன்றிப் பலம்கொண்டு தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வெளியே வெயிலில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. அம்மாவிடம் போட்டியில் தோற்றுவிட்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டு, பின்னாலேயே போய் அவர் கையைப் பிடித்தேன்.

“பரவால்லப்பா,” என்றேன். “மரம் நீங்க பாத்து எடுத்ததுதான.”