ஆர்கன்காரம்மாவின் கடைசி உருப்படி

ஆர்கன் வாசிக்கிறவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். தேவாலய மாடியில் இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்திருந்தார் நம் ஆர்கன்காரம்மா.

ஆராதனை முடிந்ததும் வாசிக்கிற கடைசி உருப்படிதான் இருப்பதிலேயே கஷ்டமானது. அதற்காக வாரம் முழுக்க உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்வார். ஜனங்களோ முதல் சுரம் கேட்டதுமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முடித்துத் திரும்பினால் கீழே பெருக்குகிறவர் மட்டும் இருப்பார். அவருக்கோ காது மந்தம்.

"இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று வீட்டுக்காரரைக் கேட்பார். பஸ் ஓட்டுகிற மனிதர், பொய் சொல்ல வராது.

"வண்டி எடுக்கப் போயிட்டேம்மா. வாசல்ல நெரிசலாயிடும்ல."

ஒரே ஒரு தடவை, யாராவது கடைசி வரை உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த அம்மாவின் ஆசை அவ்வளவுதான். இது பெரிய ஆசையா, நீங்களே சொல்லுங்கள்.

அப்போதுதான் நகர மன்ற அரங்கில் நடக்கவிருந்த கச்சேரியில் பியானோ வாசிக்க இருந்தவர் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். மன்றத்து மேலாளர் அலையாய் அலைந்து இவரிடம் வந்தார்.

"நாலு நாள்தாங்க இருக்கு. ரெண்டுலயும் அதே கட்டைங்கதானே, சமாளிச்சிருவீங்க."

தெரியாத ஆள் பேச்சைப் பாருங்கள்! ஆர்கனில் கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சத்தம் நீடிக்கும். பியானோவில் தேய்ந்து மறைந்துவிடும். வீட்டுப் பியானோவில் முதல் நாள் முழுக்க, செத்துப்போன சுரங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இடது கால் வேறு, ஆர்கனில் காலால் வாசிக்கிற மிதிகட்டைகளை இங்கேயும் தேடித் தரையில் நடந்துகொண்டிருந்தது.

"கால் அது பாட்டுக்கு எங்கயோ போகுதே?" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க, நீங்க வேற."

நான்காம் நாள் மாலை மேடை ஏறினார். விளக்கில் கண் கூசியது. கூட்டம் இருந்த பக்கம் ஒரே இருட்டு. கால் ஒருமுறை தரையைத் தட்டியது, அதட்டி அடக்கினார். மற்றபடி, சும்மா சொல்லக்கூடாது, விரல்கள் பிய்த்து உதறிவிட்டன.

கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கியது. ஒரு சத்தமில்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்கு எங்கே தெரியும்? போய்விட்டார்கள் என்றே நினைத்தார். பழக்க தோஷம், ஆர்கன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சுக்காகக் கை பியானோவுக்கு அடியில் துழாவியது.

மேலாளர் ஓரத்திலிருந்து வந்து குனிந்தார். "என்னம்மா தேடறீங்க? எழுந்து திரும்புங்க. ஒருத்தரும் போகல."

மன்றத்து விளக்குகள் எரிந்தன. கைதட்டல் எழுந்தது. இத்தனை வருஷம் வாசித்தவருக்கு, கேட்டவர்களின் முகம் அன்றுதான் பார்க்கக் கிடைத்தது. எப்படி வணங்குவது என்று தெரியாமல் நின்றபடியே அழுதார்.