மேயரம்மா கல்லூரிக்கு எப்படிப் போனார்?

போன செவ்வாய்க்கிழமை ஒரு மேயர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

உடனே நிமிர்ந்து உட்கார வேண்டாம். கடலூர் மேயர் இல்லை. இது வேறொரு ஊர், தூரத்து ஊர். பெயரெல்லாம் கேட்காதீர்கள். பிறந்தது, படித்தது எல்லாம் நம்ம சிதம்பரம் பக்கம். வாழ்க்கைப்பட்டுப் போனது அந்த ஊருக்கு.

மேயருக்கு என்னிடம் என்ன வேலை? இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவது என் பொழுதுபோக்கு. சம்பளம் கிடையாது. மரியாதையும் அவ்வளவாகக் கிடையாது. "வீட்டுல ஒரு பல்பு மாத்தச் சொன்னா மாத்த மாட்டாரு. ஊருல இருக்கிறவங்க பொறந்த தேதியெல்லாம் மாத்துவாரு" என்பது என் மனைவி பிலோமினாவின் கருத்து.

"சார், என்னைப் பத்தி அதுல ஒரு பக்கம் இருக்காமே? இன்னும் கவுன்சிலர்னே போட்டிருக்காம். எங்க ஆபீஸ்ல மாத்திப் பார்த்தாங்க, யாரோ அழிச்சிட்டாங்க சார்" என்றார் மேயரம்மா.

அழிக்கத்தான் செய்வார்கள். தன்னைப் பற்றித் தானே எழுதக் கூடாது, தன் ஆபீஸை விட்டும் எழுதச் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. மூன்றாம் மனிதர் எழுத வேண்டும். எழுதியதற்கு அச்சில் வந்த ஆதாரம் காட்ட வேண்டும்.

நான் கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். "மேடம், ஒவ்வொண்ணா சரிபார்த்துட்டுத்தான் கை வைப்பேன்."

"தாராளமா பாருங்க சார். என் சர்டிபிகேட்டெல்லாம் கீரப்பாளையத்துல அக்கா வீட்லதான் இருக்கு. மாமா பத்திரமா வச்சிருப்பாரு."

மாமா என்றால் அக்காவின் கணவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட, மேயரம்மா வளர்ந்ததே அந்த வீட்டில்தான்.

கவுன்சிலரை மேயராக்கும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. தேர்தல் செய்தி எல்லாப் பத்திரிகையிலும் இருந்ததே! ஆனால் பிறந்த வருடத்தில் சிக்கல். ஒரு பத்திரிகை ஒரு வருடம் போட்டிருந்தது, இன்னொன்று வேறு வருடம். எது சரி? போய்ப் பார்த்துவிடுவோமே என்று வியாழக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், குடிகாடு பக்கம் வந்ததும் ஜன்னலோரம் இருப்பவர்கள் எல்லாம் தன்னால் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள். கெமிக்கல் கம்பெனி வாசனை. நானும் மூடினேன். மூடும்போது எனக்கு எந்த யோசனையும் இல்லை என்பதை இங்கே குறிப்பிட்டு வைக்கிறேன்... பின்னால் தேவைப்படும்.

கீரப்பாளையத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. "மேயர் அக்கா வீடா?" என்று ஒருவர் கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார். அந்தோணிசாமி மாமா எழுபதைத் தாண்டியவர். ஒல்லி உடம்பு, வெள்ளை பனியன். ஒரு பிளாஸ்டிக் பைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாக, ஓரம் மடங்காமல் எடுத்துக் கொடுத்தார். மார்க் ஷீட், டி.சி., ஞானஸ்நானச் சீட்டு. பிறந்த வருடம் மூன்றிலும் ஒன்றே. எனக்குப் பரம திருப்தி.

"அதுல என்னதான் எழுதியிருக்கு? படிங்களேன், கேப்போம்" என்றார் மாமா. சமையலறையிலிருந்து லூர்து அக்காவும் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

செல்போனை எடுத்துக் கம்பீரமாகப் படித்தேன். பிறப்பு, பெற்றோர், கட்சி, வார்டு... "சிறு வயதிலேயே தந்தையை இழந்த இவர், கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் நடந்தே சென்று கல்லூரிப் படிப்பை முடித்தார். அதிகாலையிலேயே கல்லூரி வாசலுக்கு வந்துவிடும் முதல் மாணவி இவர்தான்."

மாமா கையை உயர்த்தினார்.

"நடந்தா?"

"ஆமாண்ணே. அப்படித்தான் போட்டிருக்கு."

"எந்த ரோட்ல?"

நான் செல்போனை மறுபடி பார்த்தேன்.

"அவ நடந்தே போனான்னா, மூணு வருஷம் என் சைக்கிள் கேரியர்ல யாரை வச்சு மிதிச்சேன் நானு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் வந்தவர் போலத்தான் கேட்டார். எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

அப்புறம் கதை வெளியே வந்தது. மாமாவுக்குக் குடிகாட்டுக் கம்பெனியில் வேலை. ஆறு மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மச்சினியைக் கேரியரில் உட்கார வைத்துச் சிதம்பரம் வரை மிதிப்பார். கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டாண்டில் சைக்கிளைப் போட்டுவிட்டு, கடலூர் பஸ்ஸைப் பிடிப்பார். சாயங்காலம் அதே வழி. அவர் வரும்வரை அவள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள்.

"எனக்கு ஷிப்ட்டு. அதான் அவளும் அந்நேரத்துக்கே போயி ஒக்காந்திருப்பா. கேட்டுகூட தெறந்திருக்காது, பாவம்" என்றார் மாமா.

ஆக, 'அதிகாலையிலேயே வந்துவிடும் முதல் மாணவி'யின் ரகசியம் ஒரு கெமிக்கல் கம்பெனியின் ஷிப்ட் நேரம்!

லூர்து அக்கா அவ்வளவு சாது இல்லை. "ஐப்பசி கார்த்திகையில கடக்காத்து மூஞ்சியிலயே அடிக்கும். எதிர்காத்துல டபுள்ஸ் மிதிச்சிட்டு வந்து, ராத்திரி காலைப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு இவுரு. நடந்தாளாம்! எந்தப் புண்ணியவான் எழுதுனது? கூட்டிக்கிட்டு வாங்க சார், நான் பேசிக்கிறேன்."

கண்டுபிடிப்பது சுலபம். அந்த வாக்கியத்தின் முடிவில் ஒரு சின்ன எண் இருக்கும். அதைத் தொட்டால் ஆதாரம் வரும். எண் நான்கு. தொட்டேன்.

வந்தது... என் பெயர். பல வருடங்களுக்கு முன்னால் இதே பத்தியில் நான் எழுதிய கட்டுரை.

என் முகம் போன போக்கைப் பார்த்து அக்காவே, "இன்னா சார், தண்ணி வேணுமா?" என்றார்.

இப்போது ஞாபகம் வந்துவிட்டது. கடலூரில் ஒரு சர்ச் விழா. அப்போது கவுன்சிலராக இருந்த அவர், "கீரப்பாளையத்துலேர்ந்து சிதம்பரம் போய்ப் படிச்சேன், விடிகாலையிலயே காலேஜ் வாசல்ல மொத ஆளா நிப்பேன்" என்று மட்டும்தான் சொன்னார். எப்படிப் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுதும்போது வாக்கியம் சப்பென்று இருந்தது. 'நடந்தே' என்று ஒரு வார்த்தை போட்டேன். ஜம்மென்று எழுந்து நின்றது. தலைவர் என்றால் நடந்துதானே படித்திருக்க வேண்டும்? ஊர் ஊராக ஆதாரம் கேட்டு அலையும் நான், ஒருவருடைய மூன்று வருடத்தை ஒரே வார்த்தையில் அழித்திருக்கிறேன். அதுவும் வாக்கிய அழகுக்காக.

காபி வந்தது. குடித்து முடித்துவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன் — யோசித்தேன். பிறகு டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, அந்தப் புண்ணியவான் நான்தான்."

அக்கா என்னைப் பார்த்தார். காபியைப் பார்த்தார். திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, அந்த மட்டும் பெரிய மனசு.

மேயரம்மாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா பக்கத்துல இருக்காரா சார்?"

"இருக்கேன் செல்வி, சொல்லு" என்றார் மாமா.

"மாமா... சார் எழுதுனதைப் படிச்சிட்டு ஒரு மீட்டிங்ல அப்படிச் சொல்லி அறிமுகம் பண்ணாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்பறம் நானே சொல்ல ஆரம்பிச்சிட்டேன். கேரியர்ல ஒக்காந்து போனேன்னா யாரு மாமா கை தட்டுவாங்க?"

மாமா சிரித்துவிட்டார். "தட்ட வேணாம், வுடு. என் பேருகூட வேணாம். சைக்கிள்னு மட்டும் சொல்லிடு. அந்த வண்டியைக் கொடுக்க மனசு வராம இன்னும் கொல்லையில வச்சிருக்கேன்."

"பேரோடவே சொல்றேன் மாமா" என்றார் மேயர். குரல் மேடைக் குரலாக இல்லை. கேரியரில் உட்கார்ந்து வந்த பெண்ணின் குரலாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ் குடிகாட்டைத் தாண்டியது. எல்லோரும் ஜன்னலை மூடினார்கள். நான் மூடவில்லை. பக்கத்து சீட்காரர் முறைத்தார். முறைக்கட்டும்!

வீட்டுக்கு வந்து 'நடந்தே' என்ற வார்த்தையை எடுத்துவிட்டேன். ஆனால் 'சைக்கிள்' என்று சேர்க்க முடியவில்லை. மாமா வாயால் சொன்னது அங்கே செல்லாது. பைலில் உள்ள தாள்களும் இதைச் சொல்லாது. அச்சில் வந்திருக்க வேண்டும். விசித்திரம் என்னவென்றால், போகிற போக்கில் நான் விட்ட புளுகு இத்தனை வருடம் ஆதாரமாக நின்றது. மிதித்தவரே சொல்லும் உண்மைக்கு ஆதாரம் இல்லை.

"அச்சுல வரணும்னா, இந்த வாரம் நீங்களே எழுதித் தொலைங்களேன்" என்றாள் பிலோமினா, பல்பை நீட்டியபடி.

மாற்றினேன். பல்பைச் சொல்கிறேன். எழுதவும் எழுதிவிட்டேன். இதை நானே ஆதாரமாகக் காட்டக் கூடாது. அது முறையில்லை. படிக்கிற உங்களில் யாராவது 'கீரப்பாளையம்' என்று தேடி, அந்தப் பக்கத்துக்குப் போய் எண் நான்கில் இந்தப் பத்தியைச் சேர்த்துவிடுங்கள். தேவையான வரி இதோ, வாக்கிய அழகு எதுவும் சேர்க்காமல்:

மேயர் நடக்கவில்லை. அந்தோணிசாமி மாமா மிதித்தார். எதிர்காற்றில்.