ஒன்பது மணிக்குத் திறக்கும் பூக்கடை

என் மகள் எழுதிய நிரலால் ஒரு கல்யாணத்துக்கு மாலை போகவில்லை. இப்படிச் சொன்னால் அவள் திருத்துவாள். மாலை போனது, தாமதமாகப் போனது, முழங்கால் வரை தொங்க வேண்டியது வயிற்றோடு நின்றுவிட்டது. நடந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அதன் பிறகு விடியற்காலையில் எந்தக் கைப்பேசி ஒலித்தாலும், அது பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தாலும், எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலை. மற்றவர்கள் எழுதியதை உடைத்துப் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். பெயர் கேட்கும் இடத்தில் தொலைபேசி எண்ணைப் போடுவேன். ஒரு முறை அமுக்க வேண்டிய பொத்தானை ஆத்திரக்காரரைப் போல அமுக்கிக்கொண்டே இருப்பேன். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. கதவைப் பூட்டிவிட்டு, மின்தூக்கி வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். மகள் மின்தூக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "பாஸா ஃபெயிலா மா?" என்பாள்.

அவள் கணினிப் படிப்பில் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் வாழ்த்தினார்கள். படித்து முடித்தபோது அதே ஆட்கள் துக்கம் விசாரிக்கும் குரலில் விசாரித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் உலகம் அப்படி மாறிவிட்டிருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சின்னச் சின்ன வேலைகளை ஏஐ எழுதிக் கொடுத்துவிடுகிறது. அப்படியானால் புதியவர்கள் எதற்கு என்று நிறுவனங்கள் கேட்கத் தொடங்கின. புதியவர்களையே எடுக்காவிட்டால் பத்து வருடம் கழித்து அனுபவசாலிகள் எங்கிருந்து வருவார்கள் என்று நான் அலுவலகத்தில் கேட்டேன். என் மேலாளர் சிரித்துவிட்டு, நல்ல கேள்வி என்றார். கொஞ்ச நாளில் எங்கள் சோதனைக் குழு பாதியாகிவிட்டது. அதற்கு மறுசீரமைப்பு என்று பெயர். மிஞ்சிய எங்களை ஏஐ வகுப்புக்கு அனுப்பினார்கள். பாடம் நடத்திய பையன் வாய்க்கு வாய் "பயப்படாதீங்க" என்றான். அதுவரை நான் அவ்வளவு பயப்படவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனக்கு ஏஐ மேல் கோபம் இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய நிரல் உண்டு. எழுதியவர் எப்போதோ வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அதைத் தொட எல்லோருக்கும் நடுக்கம். ஒரு நாள் அதை ஏஐயிடம் கொடுத்துக் கேட்டேன். ஒவ்வொரு பகுதியாக, சலிக்காமல், இத்தனை வருடமாக யாரும் எனக்குக் காட்டாத பொறுமையோடு விளக்கியது. நன்றி என்று தட்டச்சு செய்தேன். மகளிடம் சொன்னபோது, "அதுக்குப் போய் தேங்க்ஸ் சொன்னியா, ஸோ கியூட் லா" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அவளுக்கு ஒருவழியாக ஃபேரர் பார்க்கில், ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சின்னக் கடைகளுக்கு இணையத்தில் ஆர்டர் எடுக்கும் செயலி செய்து தருகிறார்கள். முதலாளி ஓர் இளம் சீனர், நல்ல மனிதர். சேர்ந்த அன்றே அவளிடமும், கூடச் சேர்ந்த இன்னொரு பையனிடமும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ப்ரொபேஷன் முடிந்ததும் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியலாம். ஒருவரைக்கூட வைக்க முடியாமலும் போகலாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பார்க்காமல் நான் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை.

அவர்கள் வேலை செய்யும் விதம் எனக்குப் புதிது. என்ன வேண்டும் என்று இவள் ஆங்கிலத்தில் எழுதுவாள். ஏஐ நிரலை எழுதும். அது சரியா என்று பார்க்கும் சோதனைகளையும் அதுவே எழுதும். சோதனைகள் பச்சை நிறத்தில் தேறினால், இவள் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுப்பாள். என் காலத்தில் ஒரு மாதம் பிடித்த வேலை, மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். எவ்வளவு வேகமாக முடித்தார்கள் என்று வாரா வாரம் கூட்டத்தில் சொல்வார்களாம். "படிச்சுப் பாக்குறியா, மேலோட்டமா பாக்குறியா?" என்று ஒரு முறை கேட்டேன். "நீ கதவை இழுத்துப் பாக்குற மாதிரி எல்லாம் பாக்க முடியாது மா" என்றாள்.

தேக்காவில் ஒரு பூக்கடைக்கு அவர்கள் செயலி போட்டார்கள். கடை அக்காவை எனக்கு முன்பே தெரியும். வெள்ளிக்கிழமைப் பூ அவரிடம்தான் வாங்குவேன். மகள்தான் போய் டேப்லெட்டைப் பொருத்தி, எப்படி அமுக்குவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள். அக்கா அவளுக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்தனுப்பினார். அதை வாடும் வரை குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தோம்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன் மகளின் கைப்பேசி ஒலித்தது. பூ கட்ட எப்போதும் விடியுமுன்னே கடைக்கு வந்துவிடும் அக்காதான் பேசினார். ஒரு கல்யாணப் பெண்ணின் அண்ணன் ஐந்து மணிக்கு இரண்டு மாலை வேண்டுமென்று செயலியில் ஆர்டர் செய்திருக்கிறார். வந்து நிற்கிறார். மாலை இல்லை. அக்காவின் டேப்லெட்டில் ஒன்பது மணி என்று இருக்கிறது.

மகள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நானும் ஓடினேன். டாக்சியில் மடிக்கணினியைத் திறந்து தேடினாள். சிராங்கூன் சாலையை நெருங்கும்போது கண்டுபிடித்துவிட்டாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

கடை நேரம் என்ன என்று கேட்டதற்கு அக்கா ஒன்பதிலிருந்து ஒன்பது என்று சொல்லியிருக்கிறார். பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். இவளும் அதையே ஏஐக்குக் கொடுத்திருக்கிறாள். கடை மூடியிருக்கும் நேரத்தை ஒருவர் கேட்டால் என்ன செய்வது என்று இவள் சொல்லவில்லை. ஏஐயும் கேட்கவில்லை. கடை திறந்ததும் வரும் முதல் நேரத்துக்குத் தானாக மாற்றிவிட்டு, வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும்படி எழுதிவிட்டது. துணிக்கடைக்கு, செருப்புக் கடைக்கு அது நல்ல ஏற்பாடு. கல்யாண வேலையில் ஓடிக்கொண்டிருந்த அந்த அண்ணன் மின்னஞ்சலைப் பார்க்கவில்லை.

சோதனையையும் பார்த்தேன். திறக்கும் நேரத்துக்கு முன் கேட்கும் ஆர்டர் ஒன்பது மணிக்கு மாறுகிறதா? மாறுகிறது. பச்சை.

"எல்லாம் பச்சையா இருந்துச்சு மா," என்றாள்.

தப்பை எழுதிய கையே தப்புக்கான சோதனையையும் எழுதினால் பச்சையாகத்தான் இருக்கும். அலுவலகத்தில் என்றால் இதைச் சொல்லியிருப்பேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பெண்ணை எத்தனை கல்யாணங்களுக்கு இருட்டில் எழுப்பி, அரைத் தூக்கத்தில் தலை பின்னி, இதே சாலையில் டாக்சியில் உட்கார்த்தி அழைத்துப் போயிருக்கிறேன். முகூர்த்தம் காலையில் என்பதை இவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்திருந்தது. கேட்க ஆள் இல்லாததால், தெரிந்தது வெளியே வரவில்லை.

கடையில் அக்காவின் விரல்கள் நாரில் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் பட்டு வேட்டியோடு நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டர் வந்துருச்சா? வா. ரோஜா காம்பைக் கிள்ளு. பாத்துக் கிள்ளு, இதழ் கொட்டுனா இன்னும் குட்டையாயிடும்."

மகள் கீழே உட்கார்ந்து கிள்ளினாள். நான் சம்பங்கியை எடுத்துக் கொடுத்தேன். கட்டிக்கொண்டே அக்கா புலம்பினார். போனில் ஆர்டர் எடுத்த காலத்தில், என்ன விசேஷம் என்றுதான் முதலில் கேட்பாராம். கல்யாணம் என்றால் முதல் நாளே கட்டத் தொடங்கிவிடுவார். நேரம் பேசவே வேண்டாம். டேப்லெட் வந்த பிறகு யாரும் போன் செய்வதில்லை. திரையில் பெரிய ரோஜா மாலை இரண்டு, ஒன்பது மணி என்று மட்டும் இருந்தது. ஏதோ பாராட்டு விழா என்று நினைத்துக்கொண்டாராம்.

"நானும் கேட்டுருக்கலாம். அது பளிச்சுன்னு காட்டுச்சா, நம்பிட்டேன்," என்றார். பிறகு மகளின் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "சட்டையை வேற உள்பக்கம் வெளிய போட்டுக்கிட்டு வந்துருக்கு," என்றார். அண்ணன்கூட ஒரு நொடி சிரித்துவிட்டார். மாலைகளை அள்ளிக்கொண்டு அவர் காரில் ஏறியபோது வெளிச்சம் வந்துவிட்டிருந்தது.

தேக்கா உணவுக் கடைகளில் போய் உட்கார்ந்தோம். தோசையும் கோப்பியும் வாங்கி வைத்தேன். அவள் விரல் நுனிகளில் முள் கீறல். அந்தச் சிறிய கோடுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு நாட்காட்டித் தேதிதான் கண்ணில் வந்தது.

"நாளைக்குக் கேட்டாங்கன்னா, ஏஐ எழுதுனதுன்னு சொல்லிடு," என்றேன். "பொய் ஒண்ணும் இல்லையே."

அவள் தோசையைப் பிய்த்தாள். வாயில் போடவில்லை.

"பொய் இல்லதான். ஆனா அப்ரூவ் பண்ணது நான் லா மா. அதுவே எழுதி, அதுவே செக் பண்ணி, தப்பு வந்தா அதுவே பொறுப்புன்னா, அப்புறம் என்னை எதுக்கு வச்சிருக்கணும்?"

வேலை போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, வேலை எதில் இருக்கிறது என்று அவள் சொன்னது உடனே உறைக்கவில்லை. ஆறிப்போகுது, சாப்பிடு என்றேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலாளி, இதை யார் எழுதியது என்று கேட்டிருக்கிறார். நான் எழுதினேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஏஐ செய்தது என்ன, தான் சொல்லாமல் விட்டது என்ன, இரண்டையும் பிரித்து விளக்கினாளாம். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு பேசுகிறேன் என்றார். அன்று மாலை அவள் என்னிடம் இதைச் சொல்லிக்கொண்டே காய் நறுக்கினாள். வழக்கத்தைவிடப் பொடியாக நறுக்கினாள்.

அதற்கடுத்த வாரம் கூடச் சேர்ந்த பையனை அனுப்பிவிட்டார்கள். அவன் வேலையில் ஒரு புகாரும் வந்ததில்லை. நிறுவனத்துக்கு வரவேண்டிய ஏதோ ஒரு பெரிய ஒப்பந்தம் வரவில்லை, அவ்வளவுதான். மகள் அன்று சாப்பிடவில்லை. அவனுக்காக எங்கேயாவது ஆள் எடுக்கிறார்களா என்று தேடி அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடம் காலியாகிறதே என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டுக்கொண்டே அவள் தட்டை மூடி வைத்தேன்.

யாரும் சொல்லாமலே அவள் சனிக்கிழமை விடியற்காலைகளில் பூக்கடைக்குப் போகத் தொடங்கினாள். செயலியைக் கொஞ்ச நாளுக்கு நிறுத்தி வைத்திருந்ததால் பழையபடி போன் வந்துகொண்டிருந்தது. அக்கா ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுப் பேச, இவள் ஓரமாக உட்கார்ந்து கேட்பாள். பூ வாங்கும் சாக்கில் நானும் கூடப் போனேன். "மக வேலைக்குப் போனா அம்மா காவலுக்கு வருது," என்று அக்கா எல்லோரிடமும் சொன்னார். அவர் ஒருவரிடமும் எத்தனை மணிக்கு வேண்டும் என்று முதலில் கேட்கவில்லை.

ப்ரொபேஷன் முடியும் நாள் வந்தது. நான் அலுவலகத்தில் கைப்பேசியை மேசைமேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அழைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, சமையலறை வாசலில் நின்று சொன்னாள்.

"எக்ஸ்டெண்ட் பண்ணிருக்காங்க மா. இன்னும் மூணு மாசத்துக்குப் பயப்படலாம்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அடுப்பை அணைத்தேன். முதலாளி மறைக்காமல்தான் பேசினாராம். அடுத்த வருடம் நிறுவனம் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் கடைகளுக்குப் போய் உட்கார்ந்து, என்ன கேட்க வேண்டும் என்று கண்டுபிடிக்கும் வேலையை இவள் இன்னும் கொஞ்ச நாள் செய்யட்டும் என்றாராம். அந்த வேலைக்கு அவர்களிடம் இன்னும் பெயர்கூட இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் மடிக்கணினியை என் முன் தள்ளினாள்.

"பூக்கடை புது வெர்ஷன். மோசமான கஸ்டமரா இருந்து காட்டு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். மாலை என்று அமுக்கினேன். எடுத்த எடுப்பில் திரை என்னைக் கேட்டது: என்ன விசேஷம்? இந்த முறையும் நிரலை எழுதியது ஏஐதான். கேள்வி இவளுடையது. கல்யாணம் என்று அமுக்கினேன். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்றது. விடியற்காலை மூன்று என்று போட்டேன். அந்த நேரத்தை மாற்றாமல், கடைக்காரர் உங்களை அழைத்து உறுதி செய்வார் என்றது.

"மணமகள் பெயர் கேக்குது, உன் பேரைப் போடட்டுமா?" என்றேன்.

"அது டெஸ்ட் மா. ஆசைப்படாத."

அதோடு விட்டிருப்பேன். ஆனால் புத்தி போகவில்லை. பின்னால் போய், விசேஷங்களை மறுபடி பார்த்தேன். கல்யாணம், கோயில், பிறந்தநாள், வரவேற்பு. ஒன்று குறைந்தது. அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். துக்க வீட்டுக்கு மாலை வாங்குகிறவர்களால் நேரம் குறித்து வைக்க முடியாது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டித் திரையைக் கீழே நகர்த்தினாள். பட்டியலுக்கு வெளியே, தனியாக, உடனே வேண்டும் என்று ஒரு பொத்தான்.

"அதை அமுக்குனா ஒண்ணும் கேக்காது," என்றாள். "நேரா பூக்கடை ஆன்ட்டிக்கு ஃபோன் போயிடும். அந்த நேரத்துல யாருக்கு மா ஃபார்ம் நிரப்ப முடியும்?"

அதை மட்டும் நான் அமுக்கிப் பார்க்கவில்லை. அக்கா தூங்கிக்கொண்டிருப்பார். மடிக்கணினியை மூடி அவளிடம் கொடுத்தேன்.

"பாஸா ஃபெயிலா?" என்றாள்.

தேதி இன்னும் இருக்கிறது. நாட்காட்டியில் மூன்று மாதம் தள்ளிப் புதிதாக வட்டம் போட்டிருக்கிறேன். பாஸ் என்றேன். பிறகு எழுந்து போய் வாசல் கதவை இழுத்துப் பார்த்தேன்.