அடைப்புக்குறிக்குள் ஏழு கங்காதரன்

12-3-1985: அனுப்பிய பெயர்கள் 143
30-4-1985: திரும்பி வந்தவை 104
6-5-1985: மறுபடி அனுப்பியவை 143
24-6-1985: திரும்பி வந்தவை 104

ஏரித் தீவான பசியாவரத்தின் மீனவர் சங்கச் செயலாளர் செங்கல்வராயன் பதிவேட்டில் இவ்வளவுதான் எழுதியிருந்தார். அந்த ஆண்டு முதல் ஏரியில் வலை போட அட்டை வேண்டும். சென்னை மீன்துறை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பட்டியலில் பெயர் இருப்பவனுக்குத்தான் அட்டை. அப்படியென்றால் முப்பத்தொன்பது பேருக்கு ஏரி இல்லை.

இரண்டாவது பட்டியலோடு ஒரு கடிதமும் வந்தது. பெயர்களை அடைப்புக்குறி இல்லாமல் எழுதி ஜூலை 10க்குள் அனுப்ப வேண்டும், தவறினால் 104 பெயர்களே இறுதி.

அடைப்புக்குறியை விடுகிற ஆள் இல்லை செங்கல்வராயன். அந்தத் தீவில் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர். நீலமேகத்தின் மகன் கங்காதரன், அவன் மகன் நீலமேகம், அவனுக்கும் ஒரு கங்காதரன். நீ. கங்காதரன் என்று மட்டும் ஏழு பேர் இருந்தார்கள். 1973இல் எட்டாவது ஒருவன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்தபோது, செங்கல்வராயன் உயிரோடு இருந்த வேறொருவனின் பெயரை அடித்துவிட்டார். யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று பாடு பிரித்துச் சீட்டுப் போட்ட அன்று அவனுக்குச் சீட்டு இல்லை. அவன் மனைவி கோவிந்தம்மா வந்து நின்றாள்.

"பேனாவாலயே எம் புருசனைச் சாகடிச்சிட்டியே அண்ணே. இப்ப நான் தாலியைக் கழட்டணுமா, நீ பேனாவைக் கழட்டிப் போடுறியா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓர் அடையாளம், அடைப்புக்குறிக்குள். நீ. கங்காதரன் (மொட்டை). நீ. கங்காதரன் (மீஞ்சூர் மாப்பிள்ளை). வாய் ஓயாத ஒருவன் (ரேடியோ). பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பிழை இல்லை.

ஜூலை 8ஆம் தேதி ஏழு கங்காதரன்களையும் சட்டை மாட்டச் சொல்லி, படகிலும் பஸ்ஸிலும் ரயிலிலும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார்.

பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண்ணின் பெயர் ரோசி. அவள் ஒரு வரியைத் தாளில் எழுதிக் காட்டினாள். திறக்கிற அடைப்புக்குறி, ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம், மூடுகிற அடைப்புக்குறி.

"புள்ளின்னா எந்த எழுத்தா இருந்தாலும் சரி, நட்சத்திரம்னா அது எத்தனை இருந்தாலும் சரி. இந்த மாதிரி எங்க பார்த்தாலும் மெஷின் துடைச்சிடும் சார். மத்த சங்கத்துல '(கைநாட்டு)', '(ஊர்ல இல்லை)'ன்னு குப்பையா எழுதி அனுப்புறாங்க. துடைச்சப்புறம் ஒரே பேர் ரெண்டு தடவை இருந்தா ஒண்ணை வெச்சிட்டு மீதியை எடுத்துடும்."

செங்கல்வராயன் அந்த நட்சத்திரத்தின் மேல் விரல் வைத்தார். "இதுக்குள்ள எங்க ஆளுங்க முப்பத்தொம்பது பேர் இருக்காங்கம்மா. குப்பை இல்ல."

உள்ளே இருந்து அதிகாரி வந்தார். "இன்னும் அடைப்புக்குறி பஞ்சாயத்துதானா? யார்யா இங்க கங்காதரன்?"

பெஞ்சிலிருந்து ஏழு பேரும் எழுந்தார்கள்.

"நாந்தான் சார்" என்று ரேடியோ ஆரம்பித்தான். "எங்க நைனா நீலமேகம், அவங்க நைனா கங்காதரன், அவங்க நைனா..."

"நீ கம்முனு இரு" என்றார் செங்கல்வராயன். பிறகு ஒரு வெள்ளைத்தாளை அதிகாரியின் முன்னால் நீட்டினார். "மெஷின் ஏழுல ஒண்ணை வெச்சிருக்குது. அது யாருன்னு நீங்க சொல்லுங்க. மீதி ஆறு பேரு இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பன்னெண்டு வருசம் முன்னால நான் ஒருத்தனை அடிச்சேன், அந்தத் தப்பு எம் பேர்ல இருக்குது. இந்த ஆறு உங்க பேர்ல இருக்கட்டும்."

அதிகாரி ஏழு முகங்களையும் பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை.

ரோசிதான் பேசினாள். "சார், இவங்க பட்டியலுக்கு மட்டும் ரெண்டு குறியையும் எடுத்துட்டு உள்ள இருக்கிறதை அப்படியே விட்டுடச் சொல்லலாம். அரை மணி நேர வேலை."

"குறியும் இருந்தா தேவலை" என்றார் செங்கல்வராயன்.

"பெரியவரே" என்றார் அதிகாரி.

அட்டைகளில் 'நீ. கங்காதரன் ரேடியோ' என்றுதான் அச்சாகியிருந்தது. செங்கல்வராயன் ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு குறிகளையும் பேனாவால் போட்டுத்தான் கையில் கொடுத்தார். 143 அட்டைகள். அவற்றோடு, பட்டியல் இதுவே இறுதி என்ற கடிதம் வந்து சேர்ந்த நாள்: 19-8-1985.