நீல டிரம்முக்குள் அடக்கிய மூச்சு

கடலுக்கு நடுவே ஒரு எண்ணெய் மேடையில் எனக்கு வேலை. போக வர ஹெலிகாப்டர். அது தண்ணீரில் கவிழ்ந்தால் தப்பித்து வெளியே வரத் தெரியும் என்று சான்றிதழ் காட்டினால்தான் ஏற விடுவார்கள். அந்தப் பயிற்சியில் போன மாதம் இரண்டு முறை கோட்டை விட்டேன். இந்த மாதம் கடைசி வாய்ப்பு. அதிலும் தவறினால் வேலை போச்சு.

நீச்சல் குளத்தில் ஒரு இரும்புக் கூண்டு. பெல்ட் போட்டு உட்கார வைத்து, முக்கி, தலைகீழாகப் புரட்டுவார்கள். மார்பில் குட்டி சிலிண்டர். அதன் குழாயை வாயில் கவ்வி, மூச்சு விட்டபடியே ஜன்னல் வழியாக வெளியேற வேண்டும். சிலிண்டர் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலுக்கே ஆபத்து. நானோ குழாயைக் கவ்வியதோடு சரி, இரண்டு முறையும் மூச்சை அடக்கிவிட்டேன். பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

என் மேல் தப்பில்லை. எல்லாம் ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருந்த நீல டிரம் செய்த வேலை. தெருமுனைக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். சின்ன வயதில் நானும் அக்காவும் டிரம்மில் முகத்தை முக்கி மூச்சடக்குவோம். தோற்றவர் அன்றைக்குக் குடம் தூக்க வேண்டும். ஒரு நாள்கூட நான் ஜெயித்ததில்லை. அந்தத் தண்ணீரின் பிளீச்சிங் பவுடர் வாசனைக்கு இப்போதும் மனசு ஏங்குகிறது.

கடைசி வாய்ப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் திருநின்றவூரில் இருக்கும் அக்காவிடம் போனில் புலம்பினேன். அவள் சிரித்தாள்.

"நான் எங்கடா மூச்ச அடக்குனேன்? மொகத்த சாய்ச்சிக்கினு வாயோரமா மூச்சு உட்டுக்கினுதான் இருந்தேன். நீ கண்ண மூடிக்கினு முங்கிக் கெடந்தே, உனக்கு இன்னா தெரியும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை வருஷக் குடம்! அப்புறம் அவள் குரல் இறங்கியது. "நாளைக்கு நீயும் மூச்ச உடுடா. வேல போனாலும் போவுது, நீ முழுசா ஊடு வந்து சேரு."

மறுநாள் கூண்டு புரண்டது. பழையபடி மூச்சை அடக்கப் பார்த்தேன். டிரம்மில் எனக்குப் பக்கத்திலேயே அக்கா திருட்டு மூச்சு விட்ட காட்சி மனதில் வர, சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் காற்று வெளியே போனது. அடுத்த மூச்சு தானாக வந்தது.

சான்றிதழோடு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கீழே தண்ணீர் கேன் இறக்கி வைத்திருந்தார்கள். வீடு இரண்டாவது மாடி, அவளுக்கோ முட்டி வலி. கேட்காமலே தோளில் ஏற்றிக்கொண்டேன்.

"நீதான் பாஸாயிட்டியே, இன்னாத்துக்குடா தூக்குறே?" என்றாள் மாடியிலிருந்து.

"உன்கிட்ட இன்னும் ஜெயிக்கலையே" என்றேன். மூச்சு இரைத்தது. அடக்காமல் ஏறினேன்.