கொம்புக்காரனின் அழுகை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் ஒரு பொம்மைப்படம். கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்து அலமாரி முழுக்க நான் சேர்த்த வீசிடிகள். எல்லாமே இருட்டு உலகக் கதைகள்: செத்தவர்களின் ஊர், சாபம் பிடித்த காடு, கொம்பு முளைத்த ராஜாக்கள். பள்ளி நாளில், எண்பத்தொன்பதோ தொண்ணூறோ, டவுன் தியேட்டரில் ஓடிய டப்பிங் படத்தில் ஒரு பூதத்தைப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். பிறகு பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த ஆங்கில நாவல்கள். அவற்றின் கடைசிப் பக்கங்கள்தான் எனக்கு ஆகாது. வெளிச்சம் வந்து எல்லாத் துக்கத்தையும் துடைத்துவிட்டுப் போய்விடும். எழுதியவர் வீட்டில் யாருமே செத்ததில்லை போலிருக்கிறது என்று தோன்றும். பிரவுசிங் சென்டரில் எலும்புக்கூடுகளை வெட்டிக்கொண்டு பாதாளத்தில் இறங்கும் கேமையும் ஆடியிருக்கிறேன். அதில் செத்தால் உடனே எழுந்து நின்றுகொள்ளலாம். சாவுக்கு ஒரு மரியாதையே கிடையாது.

நான் கல்லூரியில் படிக்கும்போது அப்பா இறந்துபோனார். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அழாதே, அழாதே, நீ அழுதால் அம்மா உடைந்துபோவாள். அம்மாவிடம் போய், நீ அழுதால் பெண் உடைந்துபோவாள் என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் அழவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படத்தைக் கடைத்தெருவில் வாங்கினேன். ஒரு சின்னப் பெண் செத்துப்போன அப்பாவைத் தேடி இருட்டு ஊருக்குப் போகிறாள். அதன் வாசலில் காவல் நிற்கிறவனுக்குக் கொம்பு, கோரைப்பல் எல்லாம் உண்டு. அவனும் பிள்ளையைப் பறிகொடுத்தவன். அவளை உள்ளே விட அவனால் முடியாது. அதனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் அழுகிறான். என்னிடம் அழாதே என்று சொல்லாத ஒரே ஆள் அவன்தான்.

அவனைக்கூட விட்டுவைக்கவில்லை டப்பிங் செய்த மகானுபாவர்கள். அவன் அழுகிற அதே இடத்தில் அவன் வாயில் சென்னைத் தமிழில் ஜோக்கைத் திணித்திருந்தார்கள். "இன்னா பாப்பா, ராங் ரூட்ல வந்துட்டியா?" கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாயில் காமெடி! பொம்மை என்றால் குழந்தைக்கு, குழந்தைக்கு என்றால் சிரிப்பு. எந்தப் புத்திசாலி போட்ட சட்டமோ தெரியவில்லை. அந்த இடம் வந்தால் நான் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவேன்.

அதே சட்டம்தான் என் கல்யாணத்தையும் கெடுத்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் அக்கா மகன் சோபாவில் ஏறிக் குதித்து ஒரே அமர்க்களம். "எதுனா பொம்மப்படம் இருந்தா போடுங்க, கம்முனு இருப்பான்" என்றார் அக்கா. நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். என் அம்மா அலமாரியில் கைவிட்டு, அட்டையில் பொம்மை இருக்கிறதே என்று அந்த வீசிடியைப் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அலறல். ஓடி வந்தால் திரையில் கொம்புக்காரன், பையன் அவன் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்துகிறான். மாப்பிள்ளையின் அம்மா பேரன் நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டு, "கல்யாணம் ஆகப்போற பொண்ணு பாக்கற படமா இது?" என்று கேட்டார். மாப்பிள்ளை பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே தரகர் வந்துவிட்டார். "பொண்ணு ஒரு மாதிரின்னு சொல்றாங்கம்மா."

அம்மா பதறிப்போனாள். "நல்ல எடம்டி. நேரா போயி, இனிமே இதெல்லாம் பாக்கமாட்டேன்னு சொல்லிடு. அந்த டிஸ்க அவங்க கண்ணு முன்னாலயே ஒடச்சுப் போட்டுடு."

எனக்கு வந்த கோபம்! அம்மன் கோயில் மயானக் கொள்ளைத் திருவிழா அன்றைக்கு, வாயில் ஆட்டுக்குடலைக் கவ்விக்கொண்டு சாமி ஆடி வருவதைக் காட்ட, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுடுகாடு வரை போனவள் இவள்தான். ஆனால் அப்பா இல்லாத வீட்டில் எனக்கு வரன் தேடி அவள் படும் பாடும் எனக்குத் தெரியும். டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன். உடைத்துவிடுவது என்றே நினைத்திருந்தேன்.

அவர்கள் வேங்கிக்காலில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்று கொத்தனாரை விரட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, சாரத்தில், திருஷ்டி பொம்மை தொங்கியது. கறுத்த மூஞ்சி, பிதுங்கிய கண், கோரைப்பல், வெளியே தள்ளிய நாக்கு. தலையில் இரண்டு கொம்பு.

"பேசுடி" என்று அம்மா இடித்தாள்.

"அத்தை, அது எதுக்கு மாட்டியிருக்கீங்க?" என்றேன்.

"ஊர்க் கண்ணு படாம இருக்கத்தான். ஏன்?"

"கொழந்த பயப்படலயா?"

"அதப் பாத்து எதுக்கு பயப்படணும்? அது நம்மள காப்பாத்தறது."

"என்கிட்ட இருக்கறதும் அதத்தாங்க பண்ணுச்சு. எங்கப்பா போனப்ப."

அவர் முகம் சிவந்துவிட்டது. "பொண்ணுக்கு வாயும் ஜாஸ்தி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். டிஸ்க் பையிலேயே இருந்தது.

திரும்பும்போது அம்மா பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான் கேட்டாள். "அந்தப் படத்துல இன்னாதான்டி இருக்குது?"

"செத்துப்போன அப்பாவத் தேடிக்கினு ஒரு பொண்ணு போறா."

"கெடைக்கறாரா?"

"இல்லம்மா."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், "போடு" என்றாள்.

முந்தானை நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கொம்புக்காரன் அழும் இடம் வந்தபோது நான் ரிமோட்டை எடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். அவன் கண்ணீர் வழிய அந்த ஜோக்கைச் சொன்னான்.

அம்மா எழுந்தே விட்டாள். "எவன்டி இவன இப்படிப் பேச வெச்சது? பெத்த புள்ளய வாரிக் குடுத்துட்டு அழுவறவன் வாயில வர்ற பேச்சா இது? அவங்களுக்குக் கண்ணு இல்ல? அழுவறவங்கள அழக்கூட விடமாட்டாங்களா?"

அப்பா போனதிலிருந்து என் முன்னால் அழாதவள், டிவி முன்னால் நின்றபடியே அழுதாள். சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவளைப் பிடித்து உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அழாதே என்று சொல்லவில்லை.